இருபது பேரின் முகமும் உலகத்தின் பற்களும்

பல் சீரமைப்புக்குப் போகும் ஒருவரின் கோப்பில் ஓர் அட்டவணை கட்டாயம் இருக்கும். தலையைப் பக்கவாட்டில் நிறுத்தி எடுத்த எக்ஸ்ரேயின்மேல் புள்ளிகளைக் குறித்து, கோடுகளை இழுத்து, கோணங்களை அளந்து எழுதியது அது. ஒரு கட்டத்தில் அளவின் பெயர், அடுத்ததில் அவருக்குக் கிடைத்த எண், அதற்கும் அடுத்ததில் ‘இயல்பு’ என்ற தலைப்பின் கீழ் இன்னோர் எண். இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் மேல்தாடை முன்னால் வந்திருக்கிறதா, கீழ்தாடை பின்னால் தங்கிவிட்டதா, பற்கள் தூக்கலா என்று மருத்துவர் சொல்கிறார். கம்பி போடுவதற்கு முன் நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுக்க வேண்டுமா என்ற முடிவிலும் அந்த இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு. எடுத்த பல் திரும்ப வராது. ஆகவே அந்த ‘இயல்பு’ எண் யாருடைய முகத்திலிருந்து வந்தது என்பது நோயாளியே கேட்க வேண்டிய கேள்வி.

இதற்குப் பல் மருத்துவ உலகம் எழுபது ஆண்டுகளாக ஒரு பதிலை வைத்திருக்கிறது: வெள்ளையரின் அளவு மற்றவர்களுக்குப் பொருந்தாது, ஒவ்வோர் இனக்குழுவுக்கும் தனி அளவு வேண்டும். கேட்டவுடன் நியாயமாகத் தோன்றும் பதில். அதில் ஒரு பகுதி நியாயமும்கூட. எந்தப் பகுதி என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் பழைய எண்களின் பிறப்பு. 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட், ஜெர்மனியில் ஹோஃப்ராத் இருவரும் தலையை அசையாமல் பிடித்து ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கும் முறையைத் தனித்தனியே உருவாக்கினார்கள். அதன் பிறகே முக எலும்புகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட முடிந்தது. 1948இல் டவுன்ஸ் தம் பகுப்பாய்வை வெளியிட்டார். அதற்கு அடிப்படை 20 பேர். பன்னிரண்டு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடைப்பட்ட வெள்ளையினச் சிறுவர் 10 பேர், சிறுமியர் 10 பேர். எல்லோருக்கும் மிகச் சீரான பல்லமைப்பு. 1953இல் ஸ்டைனர் தந்த எண்களை இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்: மண்டையடிக் கோட்டிலிருந்து மேல்தாடைக்கு 82 பாகை, கீழ்தாடைக்கு 80 பாகை, இரண்டுக்குமான வித்தியாசம் 2 பாகை. அரிசோனாவின் டூசான் நகரில் தொழில் செய்த ட்வீட் ஒரு முக்கோணம் வரைந்தார். 25, 65, 90 என்ற மூன்று கோணங்கள் கொண்டது. கீழ் வெட்டுப்பல் தாடையின் அடிக்கோட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

எலும்புக்கு வெளியே உதடு, மூக்கு என்று வரும்போது மாதிரிகள் இன்னும் வெளிப்படையாகவே அழகைத் தேடிப் போயின. 1957இல் ரீடல் எடுத்துக்கொண்ட முகங்கள் சியாட்டில் நகரத்தின் ‘சீஃபேர்’ விழா அழகிகளுடையவை. 1958இல் பர்ஸ்டோன் தம் மாதிரிக்கான முகங்களைத் தேர்ந்தெடுக்க இண்டியானாபொலிஸ் நகரத்து ஹெரன் கலைப்பள்ளியின் ஓவியர்களை நாடினார். இந்தத் துறையின் மூத்தவரான ஆங்கிள், தம் பாடநூலின் 1907ஆம் ஆண்டுப் பதிப்பில், அப்பல்லோ சிலையின் முகத்தை இலட்சியமாகக் காட்டியிருந்தார். முக அழகுக்கு ஒற்றை வார்ப்பு கிடையாது என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர் செயின்ட் லூயிஸ் நகரத்து ஓவிய ஆசிரியர் வூர்ப்பெல். ஓவியரின் அறிவுரை மருத்துவரின் மனத்தை மாற்றியது; அட்டவணைகளை மாற்றவில்லை.

இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. டவுன்ஸ் தம் மாதிரி எத்தனை பேர், எப்படிப்பட்டவர் என்பதை மறைக்கவில்லை. அந்த இருபது பேரின் சராசரி, புத்தகத்திலிருந்து புத்தகத்துக்கு நகர்ந்து, மாதிரியின் விவரம் உதிர்ந்து, வெறும் எண்ணாக எஞ்சியதுதான் பிழை. மாதிரி எது என்பதைச் சொல்லாத சராசரி, மருத்துவத்தில் ஆபத்தானது.

இனி, தனி அளவு கேட்பவர்களின் வாதம். அதை அதன் முழு பலத்தோடு வைக்க வேண்டும்.

1951இலேயே, டவுன்ஸின் பகுப்பாய்வு வந்து மூன்றே ஆண்டுகளில், காட்டன், டகானோ, வாங் என்ற மூவர் அதைக் கறுப்பின, ஜப்பானிய, சீன வம்சாவளி அமெரிக்கர்களுக்குப் பொருத்திப் பார்த்து, பொருந்தாத இடங்களைக் காட்டினார்கள். 1968இல் ட்ரம்மண்ட் கறுப்பின அமெரிக்கர்களுக்குத் தனி அளவுகளை வெளியிட்டார். வெட்டுப்பற்கள் அவர்களுக்கு இயல்பாகவே முன்சாய்ந்திருந்தன. அடுத்த ஆண்டு இரண்டு நந்தாக்கள் வட இந்தியர்களை அளந்து எழுதினார்கள். 1996இல் மியாஜிமாவும் மெக்னமாராவும் மற்றவர்களும் ஜப்பானியரையும் ஐரோப்பிய அமெரிக்கரையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். நமக்கு அருகில், 2008இல் கால்ஹாவும் உடன் ஆய்வாளர்களும் தென்னிந்தியர்களின் மென்திசு அளவுகளை அமெரிக்கப் பல் சீரமைப்பு இதழில் வெளியிட்டார்கள். ஆர்னெட் தந்த வெள்ளையர் அளவுகளோடு ஒப்பிட்டால், தென்னிந்தியருக்கு முகத்தின் நடுப்பகுதி சற்று உள்ளடங்கியும் பற்கள் கூடுதலாக முன்தள்ளியும் இருப்பதாக அவர்கள் கண்டார்கள். நாடு, ஆண்டு, ஆய்வாளர் எல்லாம் மாறினாலும் ஒரு முடிவு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது: வெட்டுப்பற்களின் சாய்விலும் உதடுகளின் முன்னிலையிலும் வெள்ளையர் அளவு மற்றவர்களுக்குக் குறைவானது.

அந்தக் குறைவு மருத்துவத்தில் என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண்ணின் கீழ் வெட்டுப்பல் தாடைக்கோட்டோடு 100 பாகையில் நிற்கிறது. உதடுகள் சிரமமின்றி மூடுகின்றன. ஈறும் எலும்பும் நலம். ட்வீட்டின் 90ஐ இலக்காக வைத்தால் அந்தப் பல்லை 10 பாகை பின்னால் சாய்க்க வேண்டும். ட்வீட் முறையில் ஒவ்வொரு பாகைக்கும் வளைவில் மொத்தமாக 0.8 மில்லிமீட்டர் இடம் தேவை என்பது கணக்கு. பத்துப் பாகைக்கு 8 மில்லிமீட்டர். ஒரு முன்கடைவாய்ப் பல்லின் அகலம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். பற்கள் நெருக்கியடிக்காமல் இருந்தாலும், எண்ணைத் திருப்திப்படுத்த மட்டுமே அவள் இரண்டு கீழ்ப்பற்களை இழக்க வேண்டிவரும். கீழே எடுத்தால் மேலேயும் எடுப்பார்கள். அவளுடைய ஊரில் 98, 99 என்பது சாதாரணம் என்று மருத்துவருக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. தனி அளவு கேட்பவர்களின் வாதத்தில் இது மிக வலிய புள்ளி. இதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

ஆனால் வெட்டுப்பல்லில் நிரூபித்ததை முகம் முழுவதற்கும் விரித்துக்கொண்டு போவது வேறு விஷயம். அங்கேதான் வாதம் தளர்கிறது.

மேல்தாடைக் கோணத்தை எடுத்துக்கொள்வோம். எந்தக் குழுவை அளந்தாலும் அதன் திட்ட விலக்கம் ஏறத்தாழ 4 பாகைக்கு அருகே வரும். அதாவது ஒரே ஊரில், ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள்ளேயே 76ம் உண்டு, 88ம் உண்டு. இரண்டு குழுக்களின் சராசரிகள் 2 பாகை வேறுபடுவதாக ஓர் ஆய்வு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய ஆய்வுகளில் இது அபூர்வமான வேறுபாடு இல்லை. அப்போது இரு குழுக்களின் பரவலும் ஏறத்தாழ 80 சதவிகிதம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒருவரின் கோணத்தை மட்டும் கொடுத்து அவர் எந்தக் குழு என்று ஊகிக்கச் சொன்னால், நூற்றுக்கு அறுபது தடவைதான் சரியாக வரும். காசைச் சுண்டினாலே ஐம்பது வருமே. அப்படிப்பட்ட அளவுக்கு ‘எங்கள் இனத்துக்கான தனி இயல்பு’ என்று ஒரு கட்டம் ஒதுக்குவதால் நோயாளிக்கு என்ன பயன்?

அந்த 2 பாகையேகூட உறுதியானதா என்பது அடுத்த கேள்வி. குழுவுக்கு 30 பேர் என்பது இந்தத் துறையில் வழக்கமான மாதிரி. திட்ட விலக்கம் 4 என்றால், 30 பேர் கொண்ட இரண்டு குழுக்களின் சராசரி வித்தியாசத்தில் தற்செயலான ஊசலாட்டமே ஒரு பாகைக்கு மேல் வரும். 2 பாகை என்பது ‘புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது’ என்ற கோட்டை அப்போதுதான் தொடுகிறது. போதாக்குறைக்கு ஒரே கட்டுரையில் இருபது அளவுகளை ஒப்பிடுகிறார்கள். ஒரு வேறுபாடும் உண்மையில் இல்லாவிட்டாலும், 5 சதவிகித வரம்பில் இருபதில் ஒன்று தற்செயலாகவே ‘குறிப்பிடத்தக்கதாக’ வந்து நிற்கும். அதற்கும் அடியில் இன்னொரு தடுமாற்றம் உண்டு: எக்ஸ்ரேயில் புள்ளியை எங்கே வைப்பது என்பதில் மருத்துவருக்கு மருத்துவர் வேறுபாடு. பாம்ரிண்டும் ஃபிராண்ட்ஸும் 1971இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். சில புள்ளிகளை வைப்பதில் வரும் பிழை, இனங்களுக்கிடையே கண்டதாகச் சொல்லும் வேறுபாட்டின் அளவுக்கே இருக்கிறது.

மண்டையோட்டு அளவுகளை உலக அளவில் பார்த்த மானுடவியலும் இதே திசையில்தான் நிற்கிறது. 2002இல் ரெலத்ஃபோர்டு செய்த பகுப்பாய்வின்படி, மண்டையோட்டு அளவுகளில் காணும் மொத்த வேறுபாட்டில் பெரும் நிலப்பகுதிகளுக்கு இடையிலானது ஏறத்தாழ 13 சதவிகிதம்தான். எண்பது சதவிகிதத்துக்கும் மேல் ஒரே உள்ளூர் மக்களுக்குள்ளேயே இருக்கிறது. தோல் நிறத்தில் இது தலைகீழ்: 88 சதவிகிதம் நிலப்பகுதிகளுக்கு இடையில். கண்ணுக்குத் தெரியும் நிறம் இவ்வளவு வேறுபடுவதால் எலும்பும் அவ்வளவு வேறுபடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எலும்பு அப்படிச் சொல்லவில்லை.

அளவீட்டின் வடிவமைப்பிலேயே ஒளிந்திருக்கும் சிக்கல் இன்னும் நுட்பமானது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டைனரின் கோணங்கள் மண்டையடியில் இழுத்த ஒரு கோட்டை நம்பி நிற்கின்றன. மூளைக்கு அடியிலுள்ள எலும்புக் குழியிலிருந்து மூக்கின் வேர்வரை போகும் கோடு அது. அந்தக் கோடு ஒருவருக்கு 3 பாகை கூடுதலாகச் சாய்ந்திருந்தால், தாடை இருந்த இடத்தில் இருக்கும்போதே இரண்டு தாடைக் கோணங்களும் 3 பாகை மாறிவிடும். மூக்கின் வேர் முன்னாலோ பின்னாலோ நகர்ந்திருந்தால் தாடைகளின் வித்தியாசக் கோணமும் ஏமாற்றும். ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் பெயரால் அறியப்படும் ‘விட்ஸ்’ அளவை 1975இல் ஜேக்கப்சன் முன்வைத்ததே இதனால்தான். மண்டையடியை விட்டுவிட்டு, பற்கள் கடிக்கும் தளத்தின் மேலேயே இரண்டு தாடைகளையும் ஒப்பிட்டார் அவர்.

ரிக்கெட்ஸின் அழகுக்கோடு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு. மூக்கு நுனியிலிருந்து முகவாய்வரை ஒரு கோடு. வயது வந்த வெள்ளையருக்கு உதடுகள் அதற்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும். கிழக்காசிய, ஆப்பிரிக்க முகங்களில் உதடு கோட்டைத் தாண்டி வருகிறது என்று ஆய்வுக்கு ஆய்வு சொல்கிறது. உதடு மட்டுமா தாண்டுகிறது? மூக்கு நுனி குறைவாக நீண்டிருந்தாலும், முகவாய் உள்ளடங்கியிருந்தாலும் கோடு பின்னால் போகும்; அசையாத உதடு ‘தூக்கல்’ ஆகிவிடும். ஃபார்கஸ் பல நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2005இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, 1470 பேரின் முகங்களை எக்ஸ்ரே இல்லாமல் நேரடியாக அளந்தது. இனங்களுக்கிடையே கூர்மையாக வேறுபட்டவற்றில் மூக்கின் உயரமும் அகலமும் முன்னால் நின்றன. அப்படியானால் அழகுக்கோட்டில் நாம் காணும் ‘இன வேறுபாட்டில்’ ஒரு பங்கு மூக்கினுடையது. மூக்கின் வேறுபாட்டுக்குப் பல்லைப் பின்னுக்கு இழுப்பது எப்படிச் சிகிச்சையாகும்? தனி இன அளவு இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை. கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றுகிறது.

அடுத்தது மாதிரித் தேர்வு. என் பார்வையில் இதுவே மிகக் கடுமையான குறை. தனி அளவு தேடும் ஆய்வுகளில் பெரும்பாலானவை தம் குழுவில் எல்லோரையும் அளப்பதில்லை. ‘சீரான பல்லமைப்பும் சமநிலையான முகமும்’ உள்ளவர்களைப் பொறுக்குகின்றன. சமநிலையான முகம் எது என்று யார் முடிவு செய்கிறார்? பல் சீரமைப்பு மருத்துவர். அவர் கண்ணைப் பழக்கியது எது? ஸ்டைனரும் ரிக்கெட்ஸும். வெள்ளையர் அளவில் பழகிய கண், உள்ளூர்க் கூட்டத்திலிருந்து அந்த அளவுக்கு நெருங்கிய முகங்களைப் பொறுக்கி, அவற்றின் சராசரியை ‘நம் மக்களின் இயல்பு’ என்று அறிவிக்கிறது. விடுதலை என்று எதை நினைக்கிறோமோ அதற்குள்ளேயே பழைய இலக்கணம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒப்பீட்டின் மறுபக்கமும் அப்படித்தான்: ஆர்னெட்டின் 1999ஆம் ஆண்டு அளவுகளுக்கு ஆதாரம் 46 வெள்ளையர் மாடல்கள். இரண்டு பக்கமும் ஒரே சல்லடையால் சலிக்கப்படாதவரை, கிடைக்கும் வித்தியாசத்தில் இனம் எவ்வளவு, சலிப்பு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

மக்களின் விருப்பமும் இந்த அட்டவணைகளுக்குள் அடங்குவதில்லை. 1970இல் பெக் சகோதரர்கள், பொதுமக்கள் அழகென்று கொண்டாடிய வெள்ளையர் முகங்களை அளந்தார்கள். அந்த முகங்களில் பற்களும் உதடுகளும் மருத்துவர்களின் அளவைவிட நிறைவாக, முன்வந்து இருந்தன. ஆக, பழைய அளவு வெள்ளையருக்கே சரியாகப் பொருந்தவில்லை. 1993இல் ஃபாரோவும் உடன் ஆய்வாளர்களும் கறுப்பின அமெரிக்கரின் முகத் தோற்றங்களை மதிப்பிடச் செய்தபோது, விரும்பப்பட்டது அந்தக் குழுவின் சராசரியைவிடச் சற்றுக் குறைந்த தூக்கல். வெள்ளையர் அளவைவிட நிறைந்த உதடு. சராசரி ஒரு பக்கம், விருப்பம் ஒரு பக்கம். ஒரு குழுவின் சராசரியை அந்தக் குழுவில் பிறந்தவருக்குச் சிகிச்சை இலக்காக வைக்கிறவர், அவர் கேட்காத ஒன்றை அவர்மேல் சுமத்துகிறார். தமிழ்க் குடும்பம் ஒன்று மகளைக் கூட்டிவந்து ‘பல் எத்தலா இருக்கு, உள்ளே தள்ளணும்’ என்று கேட்கும்போது, ‘உங்கள் இனத்துக்கு இதுதான் இயல்பு’ என்று திருப்பி அனுப்புவதும், அந்தப் பெண் எதையும் கேட்காதபோது நான்கு பல்லை எடுப்பதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

இந்தியாவில் தனி அளவு என்ற பாதை எங்கே போயிருக்கிறது என்று பார்த்தால் கவலைப்பட நியாயம் உண்டு. வட இந்தியருக்கு ஓர் அளவு, தென்னிந்தியருக்கு ஓர் அளவு என்று தொடங்கியது, மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, சமூகத்துக்கு ஒன்று என்று பிரிந்துகொண்டே போகிறது. முதுநிலை மாணவர் ஆய்வேட்டுக்கு இது வசதியான தலைப்பு: எக்ஸ்ரேக்கள் கல்லூரியிலேயே கிடைக்கும், கணக்கு எளிது, குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஒன்றாவது வராமல் போகாது. சமூகவாரியாக மக்களை அளப்பது இங்கே புதிதும் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அளவுக்கருவியால் அளந்து 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டது நமக்குத் தெரிந்த வரலாறு. மூக்கின் அகலத்தை வைத்துச் சமூகத் தரவரிசை கண்டுவிட்டதாக அதே காலத்தில் காலனிய அதிகாரி ரிஸ்லி நம்பினார். இன்றைய ஆய்வு மாணவருக்கு அந்த நோக்கம் துளியும் இல்லை. அவர் நோயாளியின் நன்மையை நினைத்தே செய்கிறார். ஆனாலும் பிறப்பை வைத்துக் குழு பிரித்து, குழுவுக்கு ஒரு முகத்தை நிர்ணயிக்கும் சட்டகம் அதுவே. குழு சிறியதாகச் சிறியதாக, குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு சுருங்கும். அளவீட்டுப் பிழை மட்டும் சுருங்காது. மருத்துவப் பயன் ஒன்றும் மிஞ்சாத இடத்தில், சமூகத்தின் பெயரை எலும்போடு முடிச்சுப் போடும் பழக்கம் மட்டும் மிஞ்சும். அதனால் இதை நான் வெறும் வீண்வேலை என்று விட்டுவிட மாட்டேன். தீங்கு என்றே சொல்வேன்.

கணினி வந்ததால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2014, 2015 ஆண்டுகளில் ஐ.எஸ்.பி.ஐ. என்னும் மருத்துவப் படிமவியல் மாநாட்டை ஒட்டி நடந்த போட்டிகளில், பக்கவாட்டு எக்ஸ்ரேயில் புள்ளிகளைத் தானே கண்டுபிடித்து வகைப்படுத்தும் நிரல்கள் மோதின. அதற்காக வெளியிடப்பட்ட 400 எக்ஸ்ரேக்கள் அந்தத் துறையின் பொது உரைகல் ஆயின. அதில் தாடை வித்தியாசக் கோணத்துக்கு ‘இயல்பு’ எது தெரியுமா? 3.2 முதல் 5.7 பாகை வரை. அதற்குக் கீழே போனால் மூன்றாம் வகை, அதாவது கீழ்தாடை முன்தள்ளியவர். ஸ்டைனர் இலட்சியம் என்று வைத்த 2 பாகைக்காரர் இந்த நிரலிடம் போனால் குறையுள்ளவர் ஆகிவிடுவார். கீழ்தாடைக் கோணத்துக்கு இயல்பு 74.6 முதல் 78.7 வரை; ஸ்டைனரின் 80 அதற்கும் வெளியே. எந்த வரம்பு சரி என்பது இங்கே கேள்வி இல்லை. நிரல் சொல்லும் ‘இயல்பு’ எந்த மக்களிடமிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு சிறுநகர மருத்துவர் அதை வாங்கிப் பயன்படுத்தினால், டவுன்ஸின் இருபது பேருக்கு நேர்ந்ததே மறுபடி நேரும்: மாதிரி உதிர்ந்து எண் மட்டும் எஞ்சும்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. தாடைகள் ஒருவருக்குள்ளேயே ஒன்றோடொன்று எவ்வளவு இசைந்திருக்கின்றன என்று பார்க்கும் ‘மிதக்கும் அளவுகள்’ என்ற கருத்தை 1989இல் ஸெக்னர் முன்வைத்தார். மேல்தாடை 76 பாகையில் இருப்பவருக்கு, அதற்கு இணங்கிய கீழ்தாடை எண் 80 ஆக இருக்க முடியாது. அவருடைய மற்ற எண்களே அவருக்கான இலக்கைச் சொல்லும். அங்கே இனத்தின் பெயர் தேவைப்படவே இல்லை. தலையைச் சாதனத்தின் கோட்டுக்கு வளைக்காமல், நோயாளி இயல்பாக நேரே பார்க்கும் நிலையில் படமெடுக்க வேண்டும் என்று மூரீஸும் கீனும் 1958இல் சொன்னதும், பின்னர் ஹாங்காங்கில் குக் தென்சீனர்களிடம் அதைச் செய்து காட்டியதும், மண்டையடிக் கோட்டின் சாய்வு தரும் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். உதட்டுக்கோ எல்லா இனத்துக்கும் பொதுவான, எண் அட்டவணையே வேண்டாத ஒரு சோதனையை ப்ராஃபிட்டின் பாடநூல் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது: உதடுகள் முன்தள்ளிப் பிதுங்கியும் இருக்க வேண்டும், ஓய்வாக இருக்கும்போது இடையில் 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் திறந்தும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பற்களின் தூக்கல் மிகை. உதடு தடித்திருந்தும் சிரமமின்றி மூடினால் அது மிகையில்லை. ஆப்பிரிக்கருக்கும் தமிழருக்கும் நார்வேக்காரருக்கும் இது ஒன்றே. உதட்டை மூடும்போது முகவாய்த் தசை சுருங்குகிறதா என்று நாற்காலியில் வைத்தே பார்த்துவிடலாம்.

தனி அளவுகளின் சார்பில் ஒரு மறுமொழி வரக்கூடும்: மிதக்கும் அளவுகளும் ஏதோ ஒரு மாதிரியிலிருந்து வந்தவைதானே? உண்மை. எலும்புகளுக்கு இடையிலான இணக்கத்தையும் யாரையாவது அளந்துதான் கண்டறிய முடியும். ஆனால் அங்கே மாதிரி தருவது ஒரு முகத்தின் உறுப்புகள் சேர்ந்து மாறும் விதத்தை. எல்லோரும் போய்ச் சேர வேண்டிய ஒற்றை முகத்தை அல்ல. பிழை நேர்ந்தாலும் சிறிதாக நேரும்.

ஆகவே என் தீர்ப்பு இது. வெள்ளையர் சராசரியை மற்றவர்களுக்குச் சிகிச்சை இலக்காக வைப்பதை இனியும் நியாயப்படுத்த முடியாது, வெள்ளையருக்கேகூட முடியாது. தாடை எலும்புகளின் கோணங்களுக்கு இனவாரி ‘இயல்பு’ வைப்பதில் மருத்துவப் பயன் இல்லை; குழுக்களின் படிவு அவ்வளவு பெரிது, அளவீடு அவ்வளவு தடுமாற்றமானது. வெட்டுப்பல் சாய்விலும் உதட்டு நிலையிலும் மட்டும் பெரும் மக்கள்தொகைகளுக்கான பரவல் தெரிந்திருப்பது மருத்துவருக்குக் கட்டாயம். அது எந்த அளவு சாதாரணம் என்று எச்சரிக்கவும், தேவையில்லாத பல்லெடுப்பைத் தடுக்கவும் மட்டுமே பயன்பட வேண்டும். எங்கே போய் நிற்பது என்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை. மாவட்டவாரி, சமூகவாரி அளவுகள் நிறுத்தப்பட வேண்டியவை.

பல் மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வு வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். இன்னொரு குழுவுக்கு இன்னொரு சராசரி காணும் தலைப்பை மாணவருக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் கல்லூரியில் நான்கு பல் எடுத்துச் சிகிச்சை முடித்தவர்களைச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப அழைத்து, உதடு எப்படி இருக்கிறது, பல் நின்றதா நகர்ந்ததா, தம் முகத்தைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். நம்மிடம் இல்லாதது அந்த அறிவுதான். அதைத் தரக்கூடியவர்கள் உங்கள் பழைய கோப்புகளிலேயே இருக்கிறார்கள்.

பிள்ளையைக் கம்பி போடக் கூட்டிப் போகும் பெற்றோருக்கும் ஒரு சொல். பல்லை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், எடுக்காமல் முடியாதா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். எந்த அளவோடு ஒப்பிட்டு இப்படிச் சொல்கிறீர்கள், பிள்ளையின் உதடு சிரமமில்லாமல் மூடுகிறதா, பற்களுக்கு இடம் போதவில்லையா என்ற மூன்றையும் கேளுங்கள். நல்ல மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்கின் முன் பிடித்து உங்களுக்கு விளக்கிக் காட்டுவார்.